ஆம்ப்ளிஃபயர் ஏன் உறுமுகிறது?

ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், இருட்டியபின் அப்பாவோடோ அக்காவோடோ ஓரமாக நின்று, போகிற லாரிகளின் பின்பக்கத்தை மட்டும் கவனியுங்கள். எப்படியும் ஒரு பழைய லாரி கண்ணில் படும். டிரைவர் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டிருப்பார். மஞ்சள் விளக்கு மின்னும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் சிவப்பு விளக்கு மங்கும். மஞ்சள் அணைந்ததும் சிவப்பு மறுபடி பளிச்சென்று எரியும். இரண்டுக்கும் வேறு வேறு சுவிட்ச், வேறு வேறு வயர், வேறு வேறு பல்பு. பிறகு ஏன் ஒன்று எரிந்தால் இன்னொன்று மங்குகிறது?

பட்டறை எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். வண்டியைத் தொடாமலேயே சொல்லிவிடுவார்: "பாடி எர்த் சரியில்ல தம்பி."

வண்டிகளில் ஒரு சிக்கன ஏற்பாடு உண்டு. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்புக்கு வயர் போகும். பல்பிலிருந்து மின்சாரம் நெகட்டிவுக்குத் திரும்பி வரப் பெரும்பாலும் முழு நீள வயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே, அதாவது சேஸிஸே, திரும்பும் பாதை. பேட்டரியின் நெகட்டிவைச் சேஸிஸில் ஓரிடத்தில் முடுக்கிவிடுவார்கள். விளக்குப் பெட்டியையும் சேஸிஸில் முடுக்கிவிடுவார்கள். வேலை முடிந்தது. இதுதான் பாடி எர்த். ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980இல் லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அதே ஊரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும் சாலைக்கு வந்தது. அன்றுமுதல் இந்த ஊருக்குப் பாடி எர்த் பழக்கமான சங்கதி.

லாரியின் பின்விளக்குப் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று வையுங்கள். துரு மின்சாரத்தைத் தடுக்கும். 4 ஓம் தடை என்று கொள்வோம். லாரி பேட்டரி 24 வோல்ட், இண்டிகேட்டர் பல்பு 21 வாட். ஆக, ஏறக்குறைய 0.9 ஆம்பியர் அந்த போல்ட் வழியாகப் போக வேண்டும். ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827இல் எழுதிவைத்த விதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். 0.9ஐ 4ஆல் பெருக்கினால் 3.6 வோல்ட். மஞ்சள் விளக்கு எரியும்போதெல்லாம் ஏறக்குறைய இந்த அளவு துருவிலேயே தொலைகிறது. சிவப்பு விளக்கும் அதே போல்ட்டை நம்பித்தானே இருக்கிறது? அதற்குக் கிடைப்பது மீதிதான். எனவே மங்குகிறது.

இதே நோய், கொஞ்சமும் மாறாமல், வீட்டில் செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கும் வரும். அங்கே விளக்கு மங்காது, ஸ்பீக்கர் உறுமும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. சிப்காட் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ ஒரு சோல்டரிங் அயர்ன் வாங்கித் தந்திருப்பார். உதிரிபாகம் வேண்டுமென்றால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு, எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்காத சாமான் குறைவு. முதல் ஆம்ப்ளிஃபயர் என்றால் பல கடைக்காரர்கள் எடுத்து நீட்டுவது '4440 போர்டு'. ஜப்பானின் சான்யோ கம்பெனி வடிவமைத்த எல்.ஏ. 4440 என்ற ஐ.சி. அதில் இருக்கும். வரிசையாக 14 கால்கள். இரண்டு சேனல், ஒவ்வொன்றும் 6 வாட். 13.2 வோல்ட்டில் ஓட்டச் சொல்லி வடிவமைத்திருக்கிறார்கள்; கார் பேட்டரிக்கு ஏற்ற அளவு. உள்ளே போகும் சின்னஞ்சிறு ஒலி மின்னழுத்தத்தை இது சுமார் 350 மடங்கு பெருக்கும். இந்த 350ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சிப்காட் பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி ஒன்றைச் செய்து என்னிடம் எடுத்து வந்தாள். "சார், பாட்டு நல்லாத்தான் கேக்குது. பாட்டு நின்னாலும் உர்ர்ர்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. டயக்ராம்ல இருக்கிற மாதிரியேதான் கொடுத்திருக்கேன்."

உண்மைதான். கவிழ்த்துப் பார்த்தால் சோல்டர் எல்லாம் பளபளவென்று மணிமணியாக உட்கார்ந்திருந்தது. ஓர் இணைப்புகூடத் தப்பில்லை. மின்சாரம் திரும்பிவரும் பாதையான கறுப்பு வயர்களை, அதாவது கிரவுண்டு வயர்களை, மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜிலிருந்து கறுப்பு வயர் புறப்பட்டு முதலில் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு துண்டு ஐ.சி.க்கு. அங்கிருந்து ஒரு துண்டு ஸ்பீக்கருக்கு. கடைசித் துண்டு பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலுக்கு. வரிசையாக, அழகாக, வயர் வீணாகாமல்.

டயக்ராமில் கிரவுண்டுக்கு ஒரு குறி உண்டு: ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும் மூன்று கோடுகள். அந்தக் குறி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே மின்னழுத்தம், பூஜ்யம், என்று படம் வரைந்தவர் எண்ணிக்கொள்கிறார். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்பதைப் படம் சொல்லும். எந்த வரிசையில், எந்த இடத்தில் என்பதைச் சொல்லாது. காகிதத்துக் கோட்டுக்குத் தடை கிடையாது. செம்பு வயருக்கு உண்டு. துருப்பிடித்த போல்ட்டைவிட மிக மிகக் குறைவு, ஆனால் உண்டு. என்னைக் கேட்டால், ஆம்ப்ளிஃபயர் டயக்ராம் எல்லாவற்றிலும் கிரவுண்டு வயரை மட்டும் தனி நிறத்தில், நீளத்தோடு வரைய வேண்டும் என்பேன். யாரும் கேட்பதில்லை.

அவள் பயன்படுத்தியது சாதாரண 7/36 வயர்: தலைமுடி மாதிரி ஏழு இழை. அதில் 10 சென்டிமீட்டர் துண்டின் தடை சுமார் 8 மில்லி ஓம். ஓர் ஓமில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. இதுவா பெரிய விஷயம்?

அந்த வயரில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். நொடிக்கு 50 முறை போய்த் திரும்பும், அதாவது 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் அதை 12 வோல்ட்டாகக் குறைக்கும். பிரிட்ஜ் கீழ்நோக்கிப் போகும் பாதியையும் மேலே திருப்பிவிடும். எனவே நொடிக்கு 100 மேடு. ஒரு மேட்டுக்கு 10 மில்லி செகண்டு. அடுத்து கெப்பாசிட்டர். மேட்டின் உச்சி வரும்போது அது நிரம்பும். உச்சி தாண்டியதும் பிரிட்ஜிலிருந்து அதற்கு ஒரு சொட்டு மின்சாரமும் வராது. சேர்த்து வைத்ததைத்தான் ஐ.சி.க்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அடுத்த உச்சியில் மறுபடி நிரம்பும்.

பாட்டே இல்லாதபோதும் 4440 சும்மா இருக்க 0.1 ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். கெப்பாசிட்டர் நிரம்பக் கிடைக்கும் நேரம் 10 மில்லி செகண்டில் ஏறக்குறைய 1 மில்லி செகண்டுதான். பத்து மில்லி செகண்டுக்கான சாப்பாட்டை ஒரே மில்லி செகண்டில் திணிக்க வேண்டும். அப்படியானால் அந்த நேரத்தில் ஓடும் மின்சாரம் பத்து மடங்கு, அதாவது 1 ஆம்பியர். சீராக ஓடுவதாக நாம் நினைத்தது உண்மையில் நொடிக்கு 100 அடியாக வந்து விழுகிறது. பாட்டைச் சத்தமாக வைத்தால் அடி இன்னும் பலமாகும்.

இந்த அடிகள் எந்த வயரில் போகின்றன? பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவிலுள்ள வயரில். அவளுடைய ஆம்ப்ளிஃபயரிலோ அந்த நடுவில்தான் வால்யூம் கன்ட்ரோல், ஐ.சி., ஸ்பீக்கர் எல்லாமே உட்கார்ந்திருக்கின்றன! வால்யூம் கன்ட்ரோலின் கிரவுண்டுக்கும் ஐ.சி.யின் கிரவுண்டுக்கும் இடையில் 10 சென்டிமீட்டர் வயர். 1 ஆம்பியர், 8 மில்லி ஓம்: பெருக்கினால் 8 மில்லி வோல்ட். ஐ.சி.க்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பாட்டோடு சேர்ந்து வந்த ஒலி என்றே நினைக்கும். தன் வேலையைச் செய்யும். 8 மில்லி வோல்ட்டை 350ஆல் பெருக்குங்கள். 2.8 வோல்ட்! நொடிக்கு 100 முறை அந்த உதறலை ஸ்பீக்கர் வாங்கினால் 'உர்ர்ர்' என்று கேட்காமல் வேறென்ன செய்யும்?

அவளுக்கு நான் சொன்ன உதாரணம் அவள் வீட்டு வாசலிலேயே இருந்தது. லைன் வீடுகளில் எல்லா வீட்டுத் தண்ணீரும் முன்னாலுள்ள ஒரே சாக்கடையில் விழும். கோடி வீட்டில் யாராவது டிரம் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால், நடு வீட்டு வாசலில் தண்ணீர் மட்டம் ஏறும். நடு வீட்டுக்காரர் ஒரு சொம்புகூட ஊற்றியிருக்க மாட்டார். "அப்ப கோடி வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுட்டா?" என்றாள். அவ்வளவுதான் வைத்தியம்.

கறுப்பு வயர்களை எல்லாம் கழற்றினோம். பிரிட்ஜின் நெகட்டிவிலிருந்து ஒரு குட்டையான, தடித்த வயர் நேராகக் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலுக்கு. இந்த வயரில் வேறு யாரும் தொற்றிக்கொள்ளக் கூடாது. இதுதான் முதல் விதி, பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான். 'எல்லாக் கிரவுண்டையும் ஒரே புள்ளியில் சேர்' என்ற அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். அந்தப் புள்ளியை இந்த வயரின் நடுவில் வைத்துவிடுவார்கள். புள்ளி ஒன்றுதான், ஆனால் அது நிற்பது அடி விழும் பாதையில். புள்ளி இருக்க வேண்டியது கெப்பாசிட்டரைத் தாண்டி, அதன் காலிலிருந்து தனியாக எடுத்த ஓர் இடத்தில்.

அங்கிருந்து ஸ்பீக்கர்களின் நெகட்டிவுக்கு ஆளுக்கொரு வயர். ஐ.சி.க்கு? இங்கே ஒரு வேடிக்கை. 4440இன் 14 கால்களில் மூன்று கால்கள் கிரவுண்டுக்கே ஒதுக்கப்பட்டவை: 3, 8, 14. ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய மின்சாரம் 8, 14 வழியாகத் திரும்பும், சேனலுக்கு ஒன்று. உள்ளே வரும் சின்ன ஒலியைக் கவனிக்கும் பகுதிக்கு 3ஆவது கால். ஒரு கால் போதுமென்றால் மூன்று கால் எதற்கு வைப்பார்கள்? வடிவமைத்தவர்களே சின்னதையும் பெரியதையும் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் மூன்றையும் ஒரே மெல்லிய வயரில் கோத்துவிடுகிறோம். எனவே 8க்கும் 14க்கும் தடித்த வயர். 3க்குத் தனி வயர். வால்யூம் கன்ட்ரோலின் கிரவுண்டும், பாட்டு வரும் ஷீல்டு வயரின் வெளிப்பின்னலும் 3ஆவது காலில் மட்டும் சேர வேண்டும். வேறெங்கும் தொடக் கூடாது.

ரெடிமேடு போர்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. போர்டுக்குள்ளே பாதைகள் ஏற்கெனவே போட்டிருக்கும். 'இன்புட்' என்று எழுதிய இடத்துக் கிரவுண்டில் இன்புட்டை மட்டும், 'ஸ்பீக்கர்' என்ற இடத்தில் ஸ்பீக்கரை மட்டும் கொடுங்கள். "எல்லாம் கிரவுண்டுதானே" என்று அருகிலிருக்கும் புள்ளியில் ஒட்டினால் பழைய கதைதான்.

மாற்றிக் கட்டியதும் சுவிட்சைப் போட்டாள். கெப்பாசிட்டர் நிரம்பும் 'டொப்' மட்டும். பிறகு ஒன்றுமில்லை. "ஆன் ஆகலையா சார்?" என்றாள். ஆகியிருந்தது.

நீங்களும் இதைக் கண்ணால் பார்க்கலாம்; ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, வீட்டு மின்சாரம் தேவையே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்த இரண்டு பென்டார்ச் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு பொம்மை மோட்டார், இருபக்கமும் சீவிய ஒரு பென்சில். பென்சில் கரிக்கு ஓரளவு தடை உண்டு. அதுதான் நம் 'மோசமான வயர்'. எல்.இ.டி.யையும் (ரெசிஸ்டரோடு) மோட்டாரையும் தனித்தனியாகச் செல்லின் பாசிட்டிவில் கொடுங்கள். இரண்டின் நெகட்டிவையும் பென்சிலின் ஒரு முனையில் சேருங்கள். பென்சிலின் மறுமுனை செல்லின் நெகட்டிவுக்கு. இப்போது மோட்டாரைக் கழற்றி மாட்டுங்கள். மாட்டும் அந்தக் கணத்தில் எல்.இ.டி. சட்டென்று மங்கும், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும். மோட்டார் சுற்றவே இல்லையென்றால் பென்சில் கரி நீளம் என்று அர்த்தம். குட்டைப் பென்சில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எல்.இ.டி.யின் நெகட்டிவை மட்டும் பென்சிலிலிருந்து எடுத்து நேராகச் செல்லின் நெகட்டிவில் வையுங்கள். மறுபடி மோட்டாரை மாட்டுங்கள். வித்தியாசம் தெரியும். துளி மங்கல் மிச்சமிருந்தால் அது செல்லுக்கு உள்ளேயே இருக்கும் தடை. புது செல்லில் குறையும்.

ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு: டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தைப் பெரியவர்தான் கட்ட வேண்டும். முடிந்தால் 12 வோல்ட் பேட்டரியில் தொடங்குங்கள். பேட்டரியில் மேடும் இல்லை, அடியும் இல்லை. உறுமலில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும்.

அடுத்து எல்லாரும் கேட்கும் கேள்வி: "கிரவுண்டுன்னா பூமிதானே? வயரை மண்ணில் நட்டால் சத்தம் போய்விடுமா?" போகாது. பூமிக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1838இல் ஜெர்மனியின் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டாம், திரும்பும் பாதையாக மண்ணே போதும் என்று கண்டுபிடித்தார். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டு என்பது எல்லா வயரும் திரும்பிவரும் ஒரு பொது இடம், அவ்வளவே. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குள்ளும் கிரவுண்டு உண்டு, மண் ஏது?

வீட்டுப் பிளக்கிலுள்ள மூன்றாவது, தடித்த முள் வேறு சமாச்சாரம். அதுதான் நிஜமான மண்ணுக்குப் போகிறது. இரும்புப் பெட்டியில் தப்பித்தவறி 230 வோல்ட் பட்டுவிட்டால் உங்கள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போக வழி. கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம்: பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கருங்கல். கிரானைட் வெட்டி ஊர் ஊராக அனுப்புகிற மாவட்டம் இது. கல் மின்சாரத்தைச் சுலபத்தில் விடாது. அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் தடை குறையும். உங்கள் பள்ளிக்கூட மூலையில் சிமென்ட் மூடி போட்ட சின்னத் தொட்டி இருந்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த எர்த்தும் சில நேரம் உறுமலுக்குக் காரணமாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் மட்டும் இருந்தால் சத்தமில்லை. கம்ப்யூட்டரோடு ஆடியோ கேபிளை மாட்டியதும் உறுமுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டும் மூன்று முள் பிளக். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் சேர்ந்திருக்கிறது. இப்போது கேபிளின் பின்னலும் இரண்டையும் சேர்க்கிறது. ஆக ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது. அதில் சுற்றும் சின்ன 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஆடியோ பின்னல் வழியாகவும் போகும். மருந்து: இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள், கேபிளைக் குட்டையாக வையுங்கள். சிலர் எர்த் முள்ளை உடைத்துவிட்டு "சத்தம் போயிடுச்சு" என்பார்கள். சத்தம் போகும், கூடவே உயிர்க்காவலும் போகும். அப்படிச் செய்பவரிடம் எந்தப் பொருளையும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள்.

திருவிழா மைக் செட்காரர் கோளாறு தேடும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் வால்யூமை முழுக்கக் குறைப்பார். அப்போதும் உறுமினால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், பெட்டிக்குள். குறைத்ததும் நின்றால் கோளாறு முன்னால்: கேபிளிலோ, பாட்டு அனுப்பும் கருவியிலோ. ஒரே திருகில் பாதிப் பெட்டி கழிந்துவிட்டது. காது பழகியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். 'ம்ம்ம்' என்று மிருதுவாக, அடித்தொண்டையில் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். கேபிள் எங்கோ காற்றிலிருந்து பொறுக்குகிறது. 'ர்ர்ர்' என்று அரம் தேய்ப்பதுபோல் கேட்டால் கெப்பாசிட்டர் அடி, 100 ஹெர்ட்ஸ்.

எல்லாக் கருவியிலும் கிரவுண்டுக்குத் தனி வயர்தான் என்றில்லை. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. உங்கள் தெருவில் யாராவது அங்கே வேலை பார்க்கலாம். செல்போன் போர்டுகளில் நம் மாதிரி தனித்தனிக் கிரவுண்டு வயர் இருக்காது. போர்டின் அடுக்குகளில் ஒன்றை ஏறக்குறைய முழுசாகச் செம்புத் தகடாகவே விட்டு, அதையே கிரவுண்டாக்கிவிடுவார்கள். அங்கே ஓடுவது நொடிக்குக் கோடிக்கணக்கில் துடிக்கும் மின்சாரம். அவ்வளவு வேகத்தில், திரும்பும் மின்சாரம் போன பாதைக்கு நேர் கீழேயே தகட்டில் வழி பிடித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயருக்கும் தகடு நல்லதா, தனி வயர் நல்லதா என்று பொறியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். 6 வாட் 4440க்கு என் ஓட்டு தனி வயருக்குத்தான்.

எல்லாம் சரிசெய்தபின் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள். மெல்ல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்காக மறுபடி வயரைக் கழற்றாதீர்கள். அது ஐ.சி.யும் ரெசிஸ்டர்களும் தாமாகவே போடும் சத்தம். சூட்டினால் எலக்ட்ரான்கள் தாறுமாறாக அசைவதும் அதில் ஒரு பங்கு. அந்தச் சூட்டுச் சத்தத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அளந்து 1928இல் வெளியிட்டார். அதை எந்தக் கிரவுண்டாலும் நிறுத்த முடியாது.